காவல் டோர்ச்சை மாற்றலாமா? வாங்கும் முன் வயலில் வைத்துப் பார்க்க வேண்டியவை

தை பிறந்து பெரும்போக நெல் குடலை தள்ளத் தொடங்கியதும் கந்தளாய், தம்பலகாமம், மூதூர், சேருவில பக்கத்து வயல்களில் இரவுக் காவல் சூடுபிடித்துவிடும். ஒரு பக்கம் பன்றி, இன்னொரு பக்கம் யானை. அதே நாட்களில்தான் 'வேட்டை லைட்' என்று பெட்டியில் அச்சடித்த டோர்ச்சுகளும் கடை முகப்பில் வந்து நிற்கும். ஒரு லட்சம் லூமன், இரண்டு கிலோமீற்றர் என்று என்னவெல்லாமோ எழுதியிருக்கும். கையில் நல்ல டோர்ச் இருக்கிறவருக்கும் அதைக் கண்டால் மனம் கொஞ்சம் அலையத்தான் செய்யும்.

மாற்றலாமா என்று கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். புதியது பழையதைவிட நான்கு மடங்கு கன்டெலா (ஒளி ஒரே திசையில் குவிந்து போகும் செறிவின் அளவு) தராவிட்டால் காசை மடியிலேயே வைத்திருங்கள். ஏன் நான்கு மடங்கு, அதை வீட்டில் எப்படி அளப்பது, அதற்கு முன் பழைய டோர்ச்சிலேயே எதைச் சரிக்கட்டலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெட்டியில் வேட்டை என்று இருந்தாலும் இது காவலுக்கான வழிகாட்டி. விலங்குகளையும் தாவரங்களையும் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் 1937-இல் இயற்றப்பட்டது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. யானைமேல் துவக்கை நீட்டுவது எவ்வளவு பெரிய வில்லங்கம் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நமக்கு வேண்டியது, வரம்பில் நிற்பது என்ன என்று தூரத்திலேயே தெரிந்துகொள்வது. யானை என்றால் விலகி நின்று யானை வெடி போடலாம், ஆட்களைக் கூப்பிடலாம். பன்றி என்றால் சத்தம் போட்டுத் துரத்தலாம். மாடு என்றால் சொந்தக்காரரை நாலு வார்த்தை கேட்கலாம்.

படி 1: உங்களுக்கு எத்தனை மீற்றர் வேண்டும்?

டோர்ச்சைப் பற்றிக் கதைக்கும் முன் வயலை அளவுங்கள். ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 64 மீற்றர். பத்து ஏக்கர் என்றால் ஒரு பக்கம் 200 மீற்றர். பரண் நடுவில் இருந்தால் எந்த விளிம்பும் 100 மீற்றர், மூலைகள் 140 மீற்றர். பரண் ஒரு மூலையில் இருந்தால் எதிர் மூலை 280 மீற்றரைத் தாண்டும்.

வயல் எங்கே சதுரமாக இருக்கிறது என்கிறீர்களா? சரி, போனில் வரைபடத்தைத் திறந்து, பரண் இருக்கும் இடத்திலிருந்து காட்டு விளிம்புக்குக் கோடு இழுத்துப் பாருங்கள். குளக்கட்டு, வாய்க்கால் ஓரத்துப் பற்றை, மின்வேலி விழுந்து கிடக்கும் இடம் என்று அவை வழக்கமாக வந்து ஏறும் இடங்கள் ஒவ்வொன்றுக்கும் தூரத்தைக் குறித்து வையுங்கள். பல பேருக்கு 150 மீற்றருக்கு மேல் தேவையே வராது. பரணை ஐம்பது மீற்றர் தள்ளிக் கட்டினால் தீரும் பிரச்சினைக்கு டோர்ச் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

படி 2: பழைய டோர்ச்சுக்கு வைத்தியம்

'முந்தின மாதிரி வெளிச்சம் இல்லை' என்பதுதான் மாற்ற நினைப்பவர்கள் சொல்லும் முதல் காரணம். எல்ஈடி அவ்வளவு சீக்கிரம் கிழடாகாது. கிழடாவது பற்றரி. அதற்கு அடுத்து கெடுவது மின்சாரம் ஓடும் தொடுமுனைகள்.

முதலில் பற்றரி. 18650, 21700 என்று எண் போட்ட லிதியம் பற்றரிதான் இப்போது பெரும்பாலான நல்ல டோர்ச்சுகளில் இருக்கிறது. அந்த எண் அளவைத்தான் சொல்கிறது: 18650 என்றால் 18 மில்லிமீற்றர் பருமன், 65 மில்லிமீற்றர் நீளம். முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட் காட்ட வேண்டும். சார்ஜரிலிருந்து எடுத்து ஒரு நாள் சும்மா வைத்துவிட்டு மல்ரிமீற்றரால் பாருங்கள். 4.1-க்குக் கீழே இறங்கியிருந்தால் அது தளர்ந்துவிட்டது. 2.5 வோல்ட்டுக்கும் கீழே போய்க் கிடந்த பற்றரியைத் திரும்பச் சார்ஜ் பண்ணப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கக்கூடும். இந்த வகைப் பற்றரிகள் பொதுவாக 300 முதல் 500 தடவை சார்ஜ் ஏற்றிய பிறகு கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். உள்தடையும் கூடிவிடுவதால், டோர்ச் உச்சத்தில் கேட்கும் மின்சாரத்தை அதனால் தர முடியாது. ஒவ்வொரு இரவும் காவல் என்றால் மூன்று, நான்கு பெரும்போகத்திலேயே அந்த எண்ணிக்கை வந்துவிடும். நல்ல பற்றரி ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். பழைய வெளிச்சம் திரும்பி வந்தால் உங்கள் 'அப்கிரேட்' ஒரு பற்றரி விலையோடு முடிந்தது.

வாங்கும்போது கவனிக்க ஒன்று. நல்ல 18650 பற்றரியின் கொள்ளளவு பெரும்பாலும் 3500 மில்லிஆம்பியர் மணி அளவுதான். 21700-இல் பெரும்பாலும் 5000. அந்தச் சின்னப் பற்றரியின் மேல் 9900 என்று அச்சடித்திருந்தால் கையில் எடுத்து நிறை பாருங்கள். உண்மையான 18650 ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். போலி பல வேளை அதைவிட லேசாக இருக்கும். பாதுகாப்புச் சுற்று வைத்த பற்றரி சில மில்லிமீற்றர் நீளம் கூட என்பதால், டோர்ச்சைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

அடுத்தது வால் மூடி. கழற்றி உள்ளே பாருங்கள். ஸ்பிரிங்கைச் சுற்றி, எதிரெதிரே இரண்டு சின்னக் குழிகளோடு ஒரு உலோக வளையம் இருக்கும். சுவிச்சைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். பரணில் தட்டுப்பட்டுத் தட்டுப்பட்டு அது தளரும். தளர்ந்தால் வெளிச்சம் துடிக்கும், இல்லையென்றால் உச்சத்துக்குப் போகாது. மூக்கு நீண்ட குறட்டின் இரண்டு முனையையும் அந்தக் குழிகளில் வைத்து இறுக்கிவிடுங்கள். பிறகு உடல் குழாயின் விளிம்பு. கறுப்புப் பூச்சு இல்லாமல் வெள்ளையாகத் தெரியும் அந்த மெல்லிய வட்டத்தால்தான் மின்சாரம் ஓடுகிறது. நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கத்துக் கடற்காற்றில் அதில் களிம்பு பிடிக்காவிட்டால்தான் ஆச்சரியம். பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, பஞ்சில் கறுப்பு வராத வரைக்கும் துடையுங்கள். ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கன் கிறீஸ் கொஞ்சம் போடலாம். வாசலின் வேண்டாம், சில வகை ரப்பர் அதில் உப்பிப்போகும்.

கண்ணாடியை வெளியே துடையுங்கள். உள்ளே இருக்கும் பிரதிபலிப்புக் கிண்ணத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அந்தப் பளபளப்பு மிக மெல்லிய அலுமினியப் படலம். மெத்தென்ற துணிகூட அதில் கீறல் போடும். தூசி இருந்தால் ஊதிவிட்டு மூடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை என்றால் மேலே போகலாம்.

படி 3: லூமனை விடுங்கள், கன்டெலாவைக் கேளுங்கள்

லூமன் என்பது டோர்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். கன்டெலா என்பது அந்த வெளிச்சம் ஒரே திசையில் எவ்வளவு செறிவாகப் போகிறது என்ற கணக்கு. முற்றத்துக்கு லூமன் போதும். 150 மீற்றருக்கு அப்பால் பார்க்கக் கன்டெலா வேண்டும்.

பெட்டியில் போடும் 'தூரம்' எங்கிருந்து வருகிறது தெரியுமா? அமெரிக்காவில் 2009-இல் வந்த எப்எல்1 என்ற தரநிலைப்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம்தான் அந்தத் தூரம். லக்ஸ் என்பது ஒரு பரப்பில் வந்து விழும் வெளிச்சத்தின் அளவு. 0.25 லக்ஸ் என்பது ஏறக்குறைய தெளிந்த வானத்துப் பௌர்ணமி நிலவு. நிலவில் வரம்பு தெரியும், ஏதோ கறுப்பாக நிற்பதும் தெரியும். அது பன்றியா பற்றையா என்று சொல்ல முடியாது.

கணக்கு சுலபம். கன்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் பெட்டித் தூரம் வரும். 40,000 கன்டெலா என்றால் வர்க்கமூலம் 200, பெட்டியில் 400 மீற்றர். அதே டோர்ச் 200 மீற்றரில் 1 லக்ஸ் தரும், 100 மீற்றரில் 4 லக்ஸ் தரும். என் அனுபவத்தில் 1 லக்ஸில் அசைவு தெரியும். இன்னது என்று அடையாளம் காண 4 லக்ஸ் வேண்டும். ஆகவே பெட்டித் தூரத்தை நான்கால் வகுத்துக்கொள்ளுங்கள். அதுதான் நீங்கள் நம்பக்கூடிய தூரம்.

இந்த 4 லக்ஸில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் பன்றிதான். மாடு, நாய், மான், முதலை எல்லாவற்றுக்கும் லைட் பட்டால் கண் மின்னும். விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் அவற்றுக்கு உண்டு. பன்றிக்கு அது இல்லை. கண் மின்னும் என்று காத்திருந்தால் அது பாட்டுக்கு உழுதுவிட்டுப் போய்விடும். உடம்பைத்தான் பார்க்க வேண்டும். சேறு பூசிய கறுப்பு உடம்பு வெளிச்சத்தை அவ்வளவாகத் திருப்பித் தராது.

இப்போது நான்கு மடங்குக் கதைக்கு வருவோம். தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் கன்டெலா நான்கு மடங்காக வேண்டும். 400 மீற்றர் டோர்ச் வைத்திருக்கிறவர் 500 மீற்றர் டோர்ச் வாங்கினால் கன்டெலா 40,000-இலிருந்து 62,500 ஆகிறது. அடையாளம் காணும் தூரமோ 100 மீற்றரிலிருந்து 125 மீற்றர். வரம்பில் இருபத்தைந்து மீற்றர் முன்னே நடந்து போனால் அதே பலன் காசில்லாமல் கிடைக்கும். 800 மீற்றர் டோர்ச் என்றால் 1,60,000 கன்டெலா, நம்பும் தூரம் 200 மீற்றர். அப்படியென்றால் மாற்றியதற்கு அர்த்தம் உண்டு.

படி 4: போனால் அளவுங்கள்

கடைக்காரர் சொல்வதையும் பெட்டியையும் விட்டுவிட்டு நீங்களே அளக்கலாம். போனில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றை இறக்குங்கள். வெளிச்சத்தை உணரும் புள்ளி பெரும்பாலும் திரையின் மேல் விளிம்பில், காதில் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். இருட்டில் ஒரு கல்லில் போனைச் சாய்த்து வையுங்கள். நாடாவால் அளந்து 10 மீற்றர் தள்ளி நின்று, ஒளியின் நடுப்பகுதி சரியாகப் போனில் விழும்படி அடியுங்கள். காட்டும் உச்ச லக்ஸை 100-ஆல் பெருக்கினால் கன்டெலா. 400 லக்ஸ் காட்டினால் 40,000.

போனின் கணக்கு சுத்தமானது அல்ல. ஆனால் ஒரே போனால், ஒரே இடத்தில், இரண்டு டோர்ச்சை அளந்து ஒப்பிட அது தாராளம். போட்டவுடன் ஒரு தடவையும் ஐந்து நிமிடம் எரியவிட்டு இன்னொரு தடவையும் குறித்துக்கொள்ளுங்கள். பல டோர்ச்சுகள் முதல் ஓரிரு நிமிடம் உச்சத்தில் எரிந்து, சூடேறியதும் தானாகவே பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பரணில் உங்களுக்கு உதவப் போவது அந்த இரண்டாவது எண்தான்.

வாங்க நினைக்கும் டோர்ச் ஊரில் யாரிடமாவது இருந்தால் ஒரு இரவுக்கு இரவல் கேளுங்கள். திருகோணமலை மத்திய வீதிக் கடைக்குள் வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் ஏமாறத்தான் வேண்டும். மூன்று மீற்றர் சுவரில் எந்தக் குப்பையும் கண்ணைப் பறிக்கும். தூரம் பார்க்கிறேன் என்று கடற்கரையிலிருந்து அடிக்கவும் வேண்டாம். பிரட்ரிக் கோட்டைக்குள் இராணுவம், துறைமுகத்தில் கடற்படை. யார் என்ன என்று கேட்டு வருகிறவர்களுக்கு லக்ஸ், கன்டெலா எல்லாம் விளங்கப்படுத்த நேரம் எடுக்கும்.

படி 5: ஒளி எப்படி விழுகிறது?

தூரம் போகும் ஒளிக்கு இரண்டு காரணம்: எல்ஈடி சில்லு சின்னதாக இருந்து பளிச்சென்று எரிய வேண்டும், பிரதிபலிப்புக் கிண்ணம் அகலமாக இருக்க வேண்டும். கிண்ணத்தின் விட்டம் இரண்டு மடங்கானால் கன்டெலா ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகவே சட்டைப் பைக்குள் அடங்கும் எல்ஈடி டோர்ச் ஒரு கிலோமீற்றர் போகும் என்றால் சந்தேகப்படுங்கள். பி70, பி90 என்ற எல்ஈடி பெயரோடு விற்பவற்றில் பெரும்பாலும் பெரிய சில்லு இருக்கும். லூமன் கொட்டும், தூரம் போகாது. தலையை முன்னும் பின்னும் இழுக்கும் 'சூம்' டோர்ச்சுகள் தூரத்தில் ஒரு சதுர வெளிச்சம் போடும். குவிக்கும்போது வெளிச்சத்தில் பெரும்பகுதி தலைக்குள்ளேயே செத்துப்போகிறது. எனக்கு அவற்றில் விருப்பமே இல்லை.

நிறத்தையும் பாருங்கள். நீலம் பாய்ந்த 6500 கெல்வின் வெள்ளை கடையில் பிரகாசமாகத் தெரியும். வயலிலோ பச்சை, மண், பன்றி எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். 4000 முதல் 5000 கெல்வின் வரை உள்ள வெள்ளையில் எண் கொஞ்சம் குறைந்தாலும் எது எது என்று வடிவாகப் பிரிந்து தெரியும்.

தையிலும் மாசியிலும் விடியப்புறத்துப் பனிமூட்டத்தில் எவ்வளவு பெரிய டோர்ச்சானாலும் முகத்துக்கு நேரே வெள்ளைச் சுவர் எழும்பும். டோர்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்காமல் இடுப்பளவில், கையை நீட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நல்ல வித்தியாசம் தெரியும். பனியில் ஓரம் பரவும் வெளிச்சம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

ஆனால் வரம்பில் நடக்கக் குவிந்த ஒளி ஆபத்து. தூரத்து மரம் தெரியும், காலடியில் கிடக்கும் புடையன் தெரியாது. நடக்க 50, 100 லூமனில் அகலமாகப் பரவும் லைட் ஒன்று, தலையில் மாட்டுவதென்றால் இன்னும் நல்லது. ஒரே டோர்ச்சால் இரண்டு வேலையும் பார்க்க நினைப்பதுதான் பலரைத் தேவையில்லாமல் பெரிய டோர்ச்சுக்குக் கொண்டுபோகிறது.

படி 6: பெட்டியின் கணக்கைப் பிடியுங்கள்

5000 மில்லிஆம்பியர் மணி, 3.6 வோல்ட் பற்றரி ஒன்றில் இருப்பது 18 வாட்மணி. நல்ல டோர்ச் ஒரு வாட்டுக்கு 100 லூமன் தரும் என்று வைப்போம். மொத்தம் 1800 லூமன் மணி. அதை 1800 லூமனில் ஒரு மணித்தியாலம் எரிக்கலாம், 300 லூமனில் ஆறு மணித்தியாலம் எரிக்கலாம். '10,000 லூமன், 8 மணித்தியாலம்' என்று எழுதியிருந்தால் அதற்கு 800 வாட்மணி வேண்டும். 12 வோல்ட், 60 ஆம்பியர் மணி கார் பற்றரி ஒன்றில்கூட 720 தான் இருக்கிறது.

நேர்மையான பெட்டியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எப்எல்1 படி, எரியும் நேரம் என்பது வெளிச்சம் தொடக்கத்தின் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்குமான நேரம். 2000 லூமனில் தொடங்கியது 200-க்கு இறங்கும் வரை எண்ணுவார்கள். இடையில் எப்படி இறங்குகிறது என்று ஒரு வரைகோடு கையேட்டில் இருந்தால், அதைப் போடும் கம்பனியை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன். கன்டெலாவையே போடாத பெட்டியை அப்படியே திருப்பி வைத்துவிடலாம்.

படி 7: முடிவு

படி 1-இல் குறித்த மிகத் தூரமான இடத்தையும், படி 4-இல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வந்த கன்டெலாவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கன்டெலாவின் வர்க்கமூலத்தைப் பாதியாக்கினால் நம்பும் தூரம் வரும். 40,000-க்கு 100 மீற்றர் என்று மேலே பார்த்தது அதேதான். அது உங்கள் தேவையைத் தொட்டால் மாற்ற வேண்டாம். தேவையில் பாதியைக்கூடத் தொடாவிட்டால் மாற்றுங்கள், நான்கு மடங்குக்குக் குறையாமல்.

இடையில் நிற்கிறவர்கள்தான் அதிகம். 100 மீற்றர் தெரிகிறது, 150 வேண்டும். அவர்களுக்கு நான் சொல்வது இருகண் தொலைநோக்கி. 7x50 என்று எழுதியது இருட்டுக்குத் தோதானது. ஒருவர் லைட்டைப் பிடிக்க, நாலைந்து அடி தள்ளி நின்று மற்றவர் தொலைநோக்கியால் பார்த்தால், பனியில் திரும்பி வரும் வெளிச்சமும் பார்ப்பவரின் கண்ணைக் கூசாது. பன்றியா மாடா என்ற சந்தேகம் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். பகலில் மின்வேலியைப் பார்க்கவும் அது உதவும்.

பழைய உடலை வைத்துக்கொண்டு எல்ஈடியை மட்டும் மாற்றுவதும் ஒரு வழி. போன் திருத்தும் கடையில் ஈயம் வைக்கத் தெரிந்தவர் செய்துவிடுவார். ஆனால் சில்லு கிண்ணத்தின் நட்டநடுவில் அமர வேண்டும், சூடு உடலுக்குக் கடத்தப்பட வேண்டும், மின்சாரம் தரும் சுற்றும் புதிய சில்லுக்குப் பொருந்த வேண்டும். இந்த மூன்றில் ஒன்று பிசகினால் இருந்ததும் போய்விடும். கிண்ணம் பெரிய, நல்ல டோர்ச் என்றால் மட்டும் மினக்கெடலாம்.

யானைக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் ஒன்றை மனதில் வையுங்கள். வெளிச்சத்தைக் கண்டு யானை ஓடும் என்று எண்ணி எதையும் வாங்காதீர்கள். லைட்டுக்குப் பழகிய தனியன் அசையாமல் நிற்கும், சில நேரம் லைட்டை நோக்கியே வரும். துடிக்கும் ஒளியைக் கிட்டடியில் முகத்தில் அடிப்பது அதைச் சீண்டுகிற வேலை. டோர்ச் உங்களுக்குத் தருவது தூரம் மட்டும். யானை என்று கண்டதும் லைட்டைத் தாழ்த்திப் பின்னால் போகத்தான் அந்தத் தூரம்.

படி 8: வாங்குவதென்று முடிவானால்

பற்றரி கழற்றி மாற்றக்கூடியதாக, 18650 அல்லது 21700 போடுவதாக இருக்கட்டும். உள்ளேயே பூட்டிய பற்றரி செத்தால் டோர்ச்சும் சேர்ந்து செத்தது. இரண்டு, மூன்று பற்றரி போடுவதென்றால் ஒரே வகையை ஒரே நாளில் வாங்கி, எப்போதும் சேர்த்தே பாவியுங்கள். புதியதையும் பழையதையும் கலக்கக் கூடாது. யூஎஸ்பியால் சார்ஜ் ஏறுவதென்றால் பரணில் பவர் பேங்க் போதும், ஆனால் 5000 பற்றரிக்கு 1 ஆம்பியரில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். மாற்றுப் பற்றரி ஒன்று கையில் இருப்பது இன்னும் நிம்மதி. நீர்காப்புக்கு ஐபிஎக்ஸ்7 என்று இருந்தால் ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும். வாய்க்காலில் விழுந்தால் எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம்.

கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ வரும் உறவினரிடம் சொல்லி அனுப்புகிறவர்கள் கவனிக்க: உதிரி லிதியம் பற்றரிகள் விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும். பெரிய பெட்டிக்குள் போட்டால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போட்டு, முனைகள் ஒன்றோடொன்று முட்டாமல் வைக்கச் சொல்லுங்கள். தபாலில் வெறும் பற்றரியை வரவழைக்கப் பார்த்து அலைக்கழிவதைவிட இது சுலபம்.

பழைய டோர்ச்சை விற்காதீர்கள், விலையும் வராது. போகம் முடிந்ததும் பற்றரியைக் கழற்றி, பாதி சார்ஜில், 3.7 வோல்ட் அளவில், வெயில் படாத இடத்தில் தனியாக வையுங்கள். முழுச் சார்ஜில் மாதக்கணக்காகக் கிடந்தால்தான் அது சீக்கிரம் கெடும். சிறுபோகத்துக்கு இறங்கும் முன் ஒரு தடவை மல்ரிமீற்றரைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சார்ஜில் போடலாம்.